கல்கா ஆற்றங்கரைச் சத்தியம்

இயேசு மரி சூசை

ஸ்காபரோ,
12.09.2024

அன்புள்ள மதலேனா அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்க முன்னம் உங்கள் நெஞ்சுச் சளி விட்டிருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். என்னைக் கேட்டால், முழங்கால் ஒன்றுதான் சொல்வழி கேட்பதில்லை. மற்றும்படி எழுபத்தொரு வயதில் தனியாக பஸ் ஏறி அஜின்கோர்ட்டுக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன். பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பதில்லை.

ஊருக்கு வந்த அகஸ்ரினிடம் கொடுத்துவிட்ட போனைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். "போனிலை வாற சொல்லைப் பிடிச்சு வைக்கேலாது. யூஜினியை எழுதச் சொல்லு" என்றீர்களாம். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷமாக நீங்கள் போனைக் காதில் வைப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், இங்கே கோயிலில் செபமாலைக் கூட்ட அறிவித்தல் எல்லாம் என் கையெழுத்தில்தான் ஒட்டுவார்கள்.

நிரோஷினியின் மகள் செரீனா யூனிவர்சிற்றியில் இரண்டாம் வருஷம். சரித்திரம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து, படித்ததை எனக்குச் சொல்லிப் பார்ப்பாள். "அம்மம்மா, உங்களுக்கு விளங்கினா என்ரை ப்ரொஃபசருக்கும் விளங்கும்" என்றாள். "அப்ப உன்ரை ப்ரொஃபசர் எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டேன். மேசையில் விழுந்து சிரித்தாள்.

இந்த முறை மொங்கோலியர் கதை. எண்ணூறு வருஷத்துக்கு முந்தியது. மொங்கோலியர் மலை தாண்டி வந்தபோது அங்கே இரண்டு சனம் சேர்ந்து நின்றதாம். ஒரு பகுதி அலானியர், மற்றது கிப்சாக் என்கிற துருக்கிச் சாதி. சேர்ந்து நின்றபடியால் மொங்கோலியரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது கிப்சாக் ஆட்களுக்குப் பட்டும் பொன்னும் அனுப்பி, "நாங்களும் நீங்களும் ஒரு இரத்தம். அவங்கள்தான் பிறத்தி. நீங்கள் விலகுங்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். விலகிப் போனார்கள். அலானியரை முடித்த கையோடு திரும்பி வந்து கிப்சாக் ஆட்களை அடித்து, கொடுத்த பொன்னைப்போல இரண்டு மடங்கு பறித்துக்கொண்டார்களாம். கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு மீன் வெட்டக் கை ஓடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிசையை விடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
யூஜினி


சிலாவத்தை,
09.10.2024

என் அன்புத் தங்கச்சி யூஜினிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய். எனக்குச் சளி விட்டுவிட்டது, சீனி வருத்தம்தான் விடவில்லை. இடது காலில் கல்லுக் குத்தின புண் ஒன்று ஆறாமல் கிடக்கிறது.

கடிதத்தைக் கொட்டிலில் வாசித்தேன். காலையில் வந்தால் பின்னேரம் மட்டும் றோட்டோரம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறோம், பொழுது போக வேண்டுமே. இப்போது பத்துப் பெண்கள்தான் மிச்சம். கிப்சாக் கதைக்குச் சந்திரவதனா சொன்னாள், "அக்கா, உவை எங்கடை ஆக்கள் மாதிரியெல்லோ" என்று. எல்லோரும் சிரித்தோம்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு லோயர்ப் பெட்டை வந்து எங்கள் எல்லோருடைய வாக்குமூலத்தையும் புதிதாக எழுதுகிறாள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். மகன் றொய்சனை ஆமியிடம் ஒப்படைத்த நாளைப் பற்றிக் கேட்டாள். "ஏன் ஒப்படைச்சனீங்கள், அம்மா?" என்றாள். நான் உள்ளதைச் சொன்னேன். 2009 வைகாசி பதினேழில், சண்டை முடிகிற நேரத்தில், ஒருவரின் சற்றலைற் போனில் உன்னோடு கதைத்தது, உங்கள் மாதா கோயில் சுவாமியார் ஒருவர் உனக்குச் சொன்னது, பாலத்துக்கு அங்கால வெளிநாட்டுச் சுவாமிமார் லிஸ்ற்றோடு நிற்கிறார்கள், பெயரைப் பதிந்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று நீ மடுமாதா மேல் ஆணை இட்டது, எல்லாம் சொன்னேன். அந்தச் சுவாமியாரின் பெயர் வேண்டுமாம். லிஸ்ற்றின் ஒரு பிரதி அவரிடம் இருக்கும் என்கிறாள்.

பெயரை எழுது. மறந்திருந்தால் கோயிலில் விசாரித்து எழுது.

அக்கா,
மதலேனா


ஸ்காபரோ,
02.11.2024

அன்புள்ள அக்கா,

சகல ஆத்துமாக்களின் திருநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் கால் புண்ணை நினைத்து நித்திரை இல்லை. சீனிக்காரருக்குக் கால் புண் கூடாது. செருப்பில்லாமல் நடக்கவேண்டாம்.

செரீனா போன கிழமை மிச்சக் கதை சொன்னாள். தப்பின கிப்சாக் ராசா, தன் மருமகன் ஆளுகிற ரூஸ் நாட்டுக்கு, இப்போதைய உக்ரேன் பக்கம், ஓடிப்போனாராம். "இண்டைக்கு எங்கடை நிலம் போச்சு. நாளைக்கு உங்கடை போகும்" என்று சொல்லி உதவி கேட்டாராம். அந்த மனிதர் பிறகும் ஓடவேண்டி வந்தது. நாற்பதாயிரம் சனத்தோடு ஹங்கேரிக்குப் போய், அவர்களின் வேதத்திலேயே ஞானஸ்நானம் எடுத்து, இருக்க இடம் வாங்கினார். கொஞ்ச நாளில் அங்கேயுள்ள சனம், "உவன் அகதியில்லை, உளவாளி" என்று சொல்லி அவரை வெட்டிப்போட்டதாம். பார்க்டேலில் நாங்கள் வந்து இறங்கின காலத்தில் எங்களைப் பார்த்த பார்வையை நான் செரீனாவுக்குச் சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

எங்கள் கட்டடத்தில் உக்ரேனில் இருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். உடுப்புத் தோய்க்கிற அறையில் கேட்டேன். சின்ன வயதில் அழுதால், தாத்தார்க்காரர், அதுதான் அந்த மொங்கோலியர், பிடித்துக்கொண்டு போவார்கள் என்று வெருட்டுவார்களாம். எண்ணூறு வருஷம் கழிந்தும் பிள்ளைகளுக்குப் பயம் காட்ட அந்தப் பெயர்தான்.

நீங்கள் கேட்டதை விசாரிக்கிறேன். அந்தக் காலத்துச் சுவாமிமார் பலர் மாறிப் போய்விட்டார்கள்.

தங்கச்சி,
யூஜினி


சிலாவத்தை,
28.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மாவீரர் நாளோடு மழை வெளுத்து வாங்குகிறது. கொட்டில் கூரையில் தறப்பாள் கட்டியிருக்கிறோம். நீ குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போ.

என் பெருவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். விரல்தானே, போகட்டும்.

மாறிப் போன சுவாமியார் எங்கே மாறிப் போனார் என்று கோயில் புத்தகத்தில் இருக்கும். ஒஷாவா என்றாலும் ஒஷாவாவுக்குப் போய்க் கேள். நீ இங்கிலிஷில் சோதனை எழுதிக் கனடாப் பிரசை ஆனவள். இது உனக்குப் பெரிய வேலையா?

அந்த ஹங்கேரிக் கதையை நான் கொட்டிலில் வாசிக்கவில்லை. அழுகிற கதைகள் எங்களிடமே தாராளமாக இருக்கின்றன. நல்லதாக ஒன்று இருந்தால் எழுது.

அக்கா,
மதலேனா


ஸ்காபரோ,
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கும் கொட்டிலில் உள்ள எல்லாருக்கும்,

பாலன் பிறப்பின் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்கட்டும். விரலை வெட்டின செய்தி கண்டு அழுதேன். சுடுதண்ணீரில் காலை வைக்கவேண்டாம், சூடு தெரியாது.

நல்ல கதை கேட்டீர்கள். செரீனாவிடம் கேட்டு வாங்கினேன். மொங்கோலியர் பிடித்த கிப்சாக் பொடியன்களைக் கருங்கடல் துறையில் விற்றார்களாம். கப்பலில் எகிப்துக்குக் கொண்டுபோய் அங்கே படைக்குச் சேர்த்தார்கள். பெற்றவர்கள் செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தளபதியாகி, கடைசியில் அந்த நாட்டுக்கே அரசர்களானார்கள். மொங்கோலியர் அங்கே வந்தபோது அவர்களை மறித்து முதன்முதலாகத் துரத்தி அடித்தது இந்த விற்கப்பட்ட பிள்ளைகள்தானாம்.

சுவாமியாரைப் பற்றி இன்னும் சரியான தகவல் இல்லை.

தங்கச்சி,
யூஜினி


சிலாவத்தை,
18.01.2025

யூஜினி,

நீ சுகமாக இருக்கவேண்டும், நூறு வயது இருக்கவேண்டும். எகிப்துக் கதையை நாலு தரம் வாசித்துவிட்டேன். கொட்டிலில் ஒரே சத்தம். "எந்தத் துறையிலை ஏத்தினவையாம்?" என்று ஒருத்தி. "எத்தினை வயசுப் பெடியளாம்?" என்று இன்னொருத்தி. உயிரோடு வேறொரு நாட்டில் இருந்திருக்கிறார்கள், தாய்மாருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது! பதினைந்து வருஷம் என்ன பெரிய கணக்கு? றொய்சனுக்கு இப்போது முப்பத்திமூன்று. கப்பலில் ஏற்றினார்களோ, எந்தச் சிறையோ, எந்தத் தோட்டமோ. லிஸ்ற் இருந்தால் தெரியும்.

கால் விஷயம் சொல்ல வேண்டும். கறுப்பு மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் பங்குனி தாண்டாது என்று டொக்டர் சொல்கிறார். நான் கையெழுத்து வைக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வா என்று ஒரு நாள் சொன்னால் நான் எந்தக் காலில் போவது? கொட்டிலுக்கு ஒற்றைக் காலோடு எப்படி வருவது? டொக்டருக்குக் கோபம். "அம்மா, கால் பெரிசோ உயிர் பெரிசோ?" என்று கேட்டார். "உங்களுக்குப் பிள்ளை இருக்கோ, ஐயா?" என்று கேட்டேன். கோப்பை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உனக்கு ஒரு சொல் சொல்கிறேன். சுவாமியார் தன் லிஸ்ற்றைப் பார்த்து, றொய்சனின் பெயர் இல்லை என்று ஒரு வரி எழுதினால் நான் காலைக் கொடுக்கிறேன். அந்த வரி வரும்வரை கொடுக்க மாட்டேன்.

மதலேனா


சிலாவத்தை,
15.02.2025

மதிப்புக்குரிய யூஜினி அன்ரிக்கு,

நான் கொட்டிலில் அக்காவோடு இருக்கும் சந்திரவதனா. உங்களுக்குச் சுகம்தானே என்று அக்கா கேட்கிறா. அக்காவுக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை, அவ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

"ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரனைத் தினமும் மறித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் கிடைத்தால் பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதிப் போடு. வேறொன்றும் வேண்டாம்."

அக்கா சொன்னது இவ்வளவுதான். இனி நான் எழுதுவது. அன்ரி, கால் மணக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஒருவரின் சொல்லும் அவ கேட்கமாட்டா. நீங்கள் சொன்னால் கேட்பா.

இன்னொன்று. கேட்க வெட்கமாக இருக்கிறது. சுவாமியார் லிஸ்ற்றைப் பார்க்கும்போது என் மகள் துர்க்காவின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவீர்களா? அப்போது பதினேழு வயது. மஞ்சள் சட்டை. அக்கா உங்கள் போன் கதையைச் சொன்னதால்தான் நானும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனேன்.

இப்படிக்கு,
சந்திரவதனா


ஸ்காபரோ,
26.02.2025

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. ஐந்து நாளில் கையில் சேரும் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாள் தொடங்கி எழுதுகிறேன், கிழிக்கிறேன். போன சனிக்கிழமை செரீனா வகுப்பில் பேசப்போவதை எனக்குப் பேசிக் காட்டினாள். கல்கா என்று ஒரு ஆறு. ரூஸ் ராசாக்களும் கிப்சாக் படையும் சேர்ந்து அங்கே மொங்கோலியரிடம் தோற்றுப்போனார்கள். கீவ் நகரத்து ராசா மட்டும் தன் ஆட்களோடு கல்லு மேடு ஒன்றில் ஏறி, மரத்தால் வேலி அடைத்து, மூன்று நாள் நின்றார். மொங்கோலியரால் பிடிக்க முடியவில்லை. அப்போது பிளொஸ்கினியா என்று ஒருவன் வந்தான். மொங்கோலியரோடு நின்றவன், ஆனால் எங்களைப்போல வேதக்காரன். சிலுவையை முத்தமிட்டு, வெளியே வந்தால் ஒருவரையும் கொல்லமாட்டார்கள் என்று சத்தியம் செய்தான். சிலுவை மேல் செய்த சத்தியம் என்று நம்பி வேலியைத் திறந்தார்கள். எல்லோரையும் கட்டினார்கள். ராசாக்களைக் கீழே கிடத்தி, மேலே பலகை போட்டு, அந்தப் பலகையில் இருந்து விருந்து சாப்பிட்டார்கள். மூச்சு நின்றுபோகும்வரை சாப்பிட்டார்கள்.

"அவனுக்கு முதலே தெரியுமோ, பிள்ளை? இல்லாட்டி அவனையும் ஏமாத்தினவங்களோ?" என்று கேட்டேன். "தெரியாது, அம்மம்மா. அவன்ரை மனசை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை" என்றாள்.

நான் என்னுடையதை எழுதுகிறேன்.

அப்படி ஒரு சுவாமியார் இல்லை. ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. லிஸ்ற் என்ற சொல்லும் என் வாயில் அந்த நிமிஷம் வந்ததுதான்.

அன்றைக்குப் பார்க்டேல் வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. எனக்குத்தான் கிடைத்தது. நீங்கள் கத்திக் கேட்டீர்கள்: "யூஜினி, பெடியனைக் குடுக்கச் சொல்லுறாங்கள். பொம்பிளையளுக்குள்ளை ஒளிச்சுக் கூட்டிக்கொண்டு போகவோ, குடுக்கவோ? உங்கை உனக்கு ஏதும் தெரியுமோ?" இருபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். கனடாவில் இருக்கிறவள், எல்லாம் அறிந்தவள் என்று என்னை நானே நினைத்து வைத்திருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒளித்துப் பிடிபட்டால் உங்களையும் சேர்த்துச் சுடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது. முதலாவது பெருமை. நம்பவேண்டும் என்பதற்காக மடுமாதாவையும் இழுத்தேன். அப்பு இருந்த காலம் தொட்டு எங்கள் வீட்டில் மடுமாதா பேரில் ஒருவரும் பொய் சொன்னதில்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்ததும் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அவர்களும் தங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லியிருப்பார்கள்.

எகிப்துக் கதையை ஆறுதலுக்கு எழுதினேன். ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றோ இரண்டோதான் அரசனானது என்று செரீனா சொன்னதை நான் எழுதவில்லை. அதுவும் என் குற்றம்.

நீங்கள் கேட்ட வரி இதுதான். லிஸ்ற் இல்லை, அதனால் அதில் றொய்சனின் பெயரும் இல்லை. காலைக் கொடுங்கள், அக்கா. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, காலைக் கொடுங்கள்.

யூஜினி


ஆஸ்பத்திரி,
19.03.2025

யூஜினி,

உன் கடிதம் நாலாம் திகதி வந்தது. ஆறாம் திகதி கையெழுத்து வைத்தேன். முழங்காலுக்கு மேலே எடுத்திருக்கிறார்கள். கீழே எடுத்திருக்கலாமாம், பிந்திவிட்டது.

நீ உன் பங்கை எழுதிவிட்டாய். என் பங்கை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. றொய்சன் போகமாட்டேன் என்றான். "அம்மா, நான் உங்களோடை வாறன்" என்று என் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்தான். ஒவ்வொரு விரலாகக் கழற்றினது நான். "சின்னம்மா மாதா மேலை சத்தியம் பண்ணிச் சொன்னவள்" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் இருந்து திரும்பிப் பார்க்கவில்லை. கோபம்.

அந்தச் சிலுவைக்காரனின் பெயர் எண்ணூறு வருஷமாக நிற்கிறது. அவனை நம்பி வேலியைத் திறந்தவன் ஒருவன் இருந்திருப்பானே, அவன் பெயர் உன் பேத்தியின் புத்தகத்தில் இருக்கிறதா? கேட்டுப் பார்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். இப்போது அதற்கு எனக்கு நேரமில்லை. வேறு வேலை இருக்கிறது. கொட்டிலில் என்னைத் தவிர ஒன்பது பேர். ஒன்பது பேருடைய வாக்குமூலத்திலும் உன் சுவாமியார் இருக்கிறார். நான் சொல்லி அவர்கள் எழுதினது. அந்தப் பொய் மேலிடத்துக்குப் போய்ப் பிடிபட்டால், அவர்கள் கண்ணால் கண்டதையும் சேர்த்துப் பொய் என்று தள்ளிவிடுவார்கள். லோயர்ப் பெட்டை சித்திரை முடிவில் வருகிறாள்.

நான் சொல்லலாம். சொல்லமாட்டேன். அவர்களிடம் ஒருமுறை உன் சொல்லை என் வாயால் கொடுத்தது போதும். ஒன்பது பேருக்கும் ஒன்பது கடிதம், தனித்தனியாக, உன் கையால் எழுது. பெயர்கள் மறுபக்கத்தில் இருக்கின்றன. முதலில் சந்திரவதனாவுக்கு எழுது.

மதலேனா


ஸ்காபரோ,
07.04.2025

சந்திரவதனா அவர்களுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு முகமில்லை.

மகள் துர்க்காவின் பெயர் லிஸ்ற்றில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். லிஸ்ற் இல்லை. சுவாமியாரும் இல்லை. 2009ஆம் ஆண்டு வைகாசி பதினேழாம் திகதி, எனக்கு ஒன்றும் தெரியாமல், தெரிந்தவள் மாதிரி நானே உண்டாக்கிச் சொன்ன பொய் அது. அக்காவுக்கும் அது பொய் என்று தெரியாது. நம்பித்தான் உங்களுக்குச் சொன்னா. அவவைக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனது என் சொல்லால். இதை இங்கே ஒரு நொத்தாரிசு லோயருக்கு முன்னாலும் சத்தியக் கடதாசியாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். பிரதி இதனோடு இருக்கிறது. லோயரிடம் கொடுங்கள்.

உங்கள் வாக்குமூலத்தில் இருந்து என் சொல்லை வெட்டிவிடுங்கள். என்ன நாள், எந்த இடம், என்ன பஸ், மஞ்சள் சட்டை, இவை நீங்கள் கண்ணால் கண்டவை. அவற்றில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம்.

யூஜினி மரியரட்ணம்